வக்கீலின் அஞ்சலை முழுங்கியது பற்றி

என் பெயரும் முகவரியும் மேலே பதிந்தபடி சரியே. வயது நாற்பத்தொன்று. இணைய இணைப்புக் கொடுக்கும் நிறுவனத்தில் பதினோரு வருடமாகக் குப்பை மின்னஞ்சலைத் தடுப்பதுதான் என் பிழைப்பு.

சென்ற மாதம் மூன்றாம் தேதி ஒரு வாடகை சர்வரிலிருந்து முடி வளரும் தைல விளம்பரம் ஆயிரக்கணக்கில் வந்து, வாடிக்கையாளர்கள் எங்களைப் பிடுங்கி எடுத்தார்கள். மேலாளர் அந்த சர்வரையே அடைக்கச் சொன்னார். அதே சர்வரில் வேறு பலரும் இருப்பார்கள், தடுத்ததை அனுப்பியவருக்கே திருப்பிவிடலாம் என்றேன். "திருப்பினா ஆளாளுக்கு போன் பண்ணுவான். சத்தமில்லாம முழுங்கிடுப்பா. நல்லெண்ணத்துல தடுத்தா சட்டம் நம்மள ஒண்ணும் பண்ணாதுன்னு நம்ம வக்கீலே சொல்லிட்டாரு" என்றார். நல்லெண்ணம் என்ற சொல்லை எங்கள் அலுவலகத்தில் அன்றுதான் முதல்முறை கேட்டேன். அதன் பின்னர் சொன்னபடியே செய்தேன். முழுங்கினால், அனுப்பியவர் போய்ச் சேர்ந்ததாக நினைப்பார், பெற வேண்டியவருக்கு ஒன்றும் தெரியாது, அஞ்சல் பதினான்கு நாள் எங்களிடம் கிடந்து தானாக அழியும்.

அதன் பின்னர் பத்தாம் தேதி காலை பதினொரு மணிக்கு, தற்போது புகார் கொடுத்துள்ள தையல்கடைக்காரப் பெண் நான் இருந்த கவுன்ட்டருக்கு வந்தார். சேலையில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. மகள் யாரிடம் வளர்வது என்று வழக்கு நடக்கிறதாம். "வக்கீல் எதையும் மெயில்லதான் சொல்லுவாரு சார், போனையே எடுக்க மாட்டாரு. ஒரு வாரமா ஒண்ணுமே வரல" என்றார். மேலாளர் எழுதிக் கொடுத்திருந்த பதிலை, எதையும் பார்க்காமலே ஒப்பித்தேன்: "உங்க பேருக்கு எதுவும் வரலம்மா." "அப்ப இன்னும் தேதி குறிக்கல போல" என்று நிம்மதியாகப் போனார்.

அதன் பின்னர் மனம் கேட்காமல் முழுங்கியவற்றில் தேடிப் பார்த்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அதே வாடகை சர்வரிலிருந்து அவருடைய வக்கீல் அனுப்பிய அஞ்சல் அங்கே கிடந்தது. அதைத் திறக்க எனக்கு உரிமையில்லை, திறக்கவும் இல்லை. தலைப்பிலேயே இருந்தது: பன்னிரண்டாம் தேதி விசாரணை, தாய் நேரில் வர வேண்டும்.

சொன்னால் முழுங்கியதை நாங்களே ஒப்புக்கொண்டதாகும், என் வேலை போகும் என்று பயந்தேன். மேலாளரிடம் கேட்கவில்லை. பன்னிரண்டாம் தேதி அந்தப் பெண் வராததால், மகளைத் தகப்பனிடம் கொடுத்துவிட்டார்கள் என்று பிறகு அறிந்தேன்.

அடைத்தது சட்டப்படி சரியா என்று வக்கீல்கள் பேசிக்கொள்ளட்டும். அந்தப் பெண்ணின் தொலைபேசி எண் இரண்டு நாளும் என் திரையில் இருந்தது. கூப்பிட வேண்டாம் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே உள்ளது, எவர் வற்புறுத்தலும் இல்லை.

(கையொப்பம்)