சூரியன் மறையாத ஊருக்கு ஒரு டிக்கெட்

...என் ஆண்டு விழாப் பேச்சை இந்த இடத்துல கொஞ்சம் நிறுத்திக்கிறேன். உங்களுக்கு ஒரு குட்டிக் கதை சொல்லட்டுமா? சின்னதுதான். மைக்கைப் பிடுங்குறதுக்குள்ள முடிச்சிருவேன்.

சங்கரன்கோவில்ல ஒரு குடும்பம். அப்பா தெய்வேந்திரன், பாத்திரக்கடை வச்சிருக்கார். கல்யாணம் ஆன நாள்ல இருந்து கடைக்கு நீளமா லீவு விட்டதே இல்லை. ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம், வீட்ல விளக்கு வச்ச பிறகு, எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வச்சார்.

"மே மாசக் கடைசியில கடையப் பூட்டுறேன். பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் வெளிநாடு. எந்த நாடுன்னு ஆளாளுக்குச் சொல்லுங்க. ஆனா காரணம் சொல்லணும். காரணம் இல்லாத ஊருக்கு டிக்கெட் கிடையாது!"

அவரே ஆரம்பிச்சார். "நான் மலேசியா. முருகன் இருக்கார், இட்லியும் இருக்கு. வேற என்ன வேணும்?"

மகன் பரணி துள்ளினான். "ஜப்பான்ப்பா! அந்த ரயில்ல ஏறணும். நம்ம ஊரு ரயிலு விசில் அடிக்கிறதுக்குள்ள அது அடுத்த ஊருக்குப் போயிரும்."

அம்மா முத்துசெல்வி? எல்லா அம்மாவும் சொல்றதுதான். "நீங்க எங்க போறீங்களோ, நானும் அங்க."

கடைசியா பொண்ணு. கோமதி. பதினொண்ணாம் வகுப்பு. மெதுவாச் சொன்னா... "நார்வே."

"எங்க?"

"நார்வேப்பா. வடக்கே... ரொம்ப வடக்கே."

பரணி விழுந்து விழுந்து சிரிச்சான். "அங்க என்னளா கிடைக்கும்? பனிக்கட்டிக்குப் பனிக்கட்டியத்தான் தொட்டுக்கிடணும்!"

"ஏலே, சும்மா இரு" அப்படின்னு அவனை அடக்கிட்டு அப்பா கேட்டார். "சரி, காரணம்?"

கோமதி வாயைத் திறக்கலை.

ஏன் திறக்கலை? காரணம் இல்லாமலா? காரணம் தொண்டை வரைக்கும் வந்து நிக்குது. ஆனா பயம். சொன்னா, சாயங்காலம் வெளியே போக இருக்கிற ஒரே சாக்கு, அந்த டியூஷனையும் அடுத்த நாளே நிறுத்திட்டா? நம்ம வீடுகள்ல ஒரு பொண்ணு ஒரு ஆசையச் சொன்னா, ஆசையை யாரும் விசாரிக்கிறதில்லை... பொண்ணைத்தான் விசாரிப்பாங்க. இல்லையா? எனக்காகத் தலையாட்ட வேண்டாம். உள்ளதைச் சொல்லுங்க... இல்லையா?

அப்பா விடலை. "காரணம் இல்லைன்னா மலேசியாதான்."

அவ தரையைப் பாத்துக்கிட்டே சொன்னா. "அந்த நேரத்துல அங்க சூரியன் மறையாதாம்ப்பா. நடுச்சாமத்துலயும் வெளிச்சம் இருக்குமாம்."

"அப்ப எப்பத்தான் தூங்குறது?"

"தெரியலப்பா. ஆனா... 'விளக்கு வைக்கிறதுக்குள்ள வந்துரு'ன்னு அங்க யாரும் சொல்ல முடியாதுல்லா? எனக்கு அங்க எதையும் சுத்திப் பாக்க வேண்டாம். ஒரு தெருவுல நடக்கணும். தனியா... மணி பாக்காம... அவ்வளவுதான்."

சிரிச்சுக்கிட்டு இருந்த பரணி சிரிப்பை நிறுத்திட்டான். அவன் தினமும் விளையாடிட்டு ஒம்போது மணிக்கு வர்றவன். அவனை யாரும் ஒரு நாளும் மணி கேட்டதில்லை.

அப்ப அம்மா வாயைத் திறந்தாங்க. "எனக்கும் அந்த ஊருதாங்க."

"உனக்கு முட்டி வலிக்குமே, அந்தக் குளிர்ல?"

"வலிச்சா வலிக்கட்டும்."

தெய்வேந்திரன் சொன்னார். "சரி, நார்வேயே போவோம். ஆனா கோமதி... திரும்பி வருவோமே? இங்க வழக்கம்போல இருட்டுமே? அப்ப என்ன செய்வ?"

அது அவ பதில் சொல்ல வேண்டிய கேள்வியா?

அது அப்பாவுக்கும் புரிஞ்சது. எந்திரிச்சு வெளியே எட்டிப் பாத்தார். நல்லா இருட்டியிருந்தது. "நாளைக்குத் தோசை மாவு இருக்கா?" அப்படின்னு கேட்டார்.

"இல்லைங்க. பரணிய அனுப்புறேன்."

"அவன் வேண்டாம். கோமதி போயிட்டு வரட்டும்."

"இருட்டிருச்சுங்களே!"

"தெரியும்."

கோமதி செருப்பைப் போட்டா. ஆசைப்பட்டதுதான், கேட்டதுதான்... இருந்தாலும் வாசல்ல ஒரு தடவை திரும்பிப் பாத்தா. படி இறங்கித் தெருமுனை திரும்பிட்டா. அடுத்த நொடி அப்பா தன் செருப்பைத் தேடினார். அம்மா அவர் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "அவ தனியாப் போகணும்னு சொன்னா. உக்காருங்க."

உக்காந்தார். எந்திரிச்சார். திரும்பவும் உக்காந்தார். மாவுக்கடை ரெண்டு தெரு தள்ளித்தான். இந்நேரம் வந்திருக்கணுமே? வரலை. பொண்ணு தேரடி வழியா, சுத்துவழியில நடந்து வந்துக்கிட்டு இருக்கா. தெரிஞ்ச அத்தை ஒருத்தி வழிமறிச்சு, "என்னட்டி, இந்நேரத்துல எங்க கிளம்பிட்ட?"ன்னு கேட்டா. "சும்மா நடக்கேன் அத்தை" அப்படின்னுட்டு, நிக்காம நடந்தா.

வீட்டுக்கு வந்தா. "ஏன் இவ்வளவு நேரம்?" அந்தக் கேள்வி அப்பா நாக்கு நுனியில வந்து நின்னது. எத்தனை வருஷப் பழக்கம்! அதை அப்படியே முழுங்கினார். முழுங்கிட்டுக் கேட்டார்...

"வெளியே காத்து நல்லா இருக்கா?"

"நல்லா இருக்குப்பா."

அவ்வளவுதாங்க கதை.

இதை ஏன் சொன்னேன்? எல்லாரும் பொண்ணுகளை நார்வேக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லவா? இல்லைங்க. உங்க வீட்ல ஒருத்தர் ஒரு தூர தேசத்தோட பேரைச் சொன்னா, 'அது எம்புட்டுத் தூரம் தெரியுமா?'ன்னு மட்டும் கேட்டு நிறுத்திராதீங்க. 'அங்க போயி என்ன செய்யணும் உனக்கு?' அதையும் கேளுங்க. இங்க கிடைக்காத ஏதோ ஒண்ணை அந்தப் பதில்ல சொல்லுவாங்க. அதுல பாதியை விமானம் ஏறாமலே நம்மளால கொடுக்க முடியும்.

இந்த ஆண்டு விழா முடியும்போது வெளியே இருட்டியிருக்கும். எனக்கு முன்னாடி உக்காந்திருக்கிற பிள்ளைங்க பாதிப் பேரு இப்பவே வாசலைப் பாக்குது... நான் மேடையில இருந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்! அப்பாமார்களே, அம்மாமார்களே, இன்னைக்கு ஒரு நாள் "சீக்கிரம் நட"ன்னு சொல்லாதீங்க. மெதுவா நடங்க. நடக்கும்போது உங்க பொண்ணுகிட்ட, "உனக்கு எந்த ஊருக்குப் போகணும்?"னு கேளுங்க.

கேட்டுட்டு... பொறுமையா இருங்க. அவ சொல்லுவா. கொஞ்சம் நேரம் ஆகும். ஆனா சொல்லுவா.