குறுணல் பேணியில் கலந்தது

பெயர் வினோஜா உருத்திரமூர்த்தி. வயது இருபத்து நான்கு. வசிப்பது மொன்றியல், செயின்ட்-மிஷேல், மூன்றாம் மாடி வீடு. என்னுடன் அப்பா, அம்மா, சின்னம்மா. பல்கலைக்கழகத்தில் உணவு அறிவியல் படிக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் அஹுன்ட்சிக்கில் ஓர் இயற்கை உணவுக் கடையில் வேலை. இன்று 2009 ஜூன் 1, திங்கட்கிழமை, காலை பத்தேகால்.

இந்த வாக்குமூலத்தைத் தமிழில் தருகிறேன். எனக்குப் பிரெஞ்சு தெரியும். சின்னம்மாவைக் காணவில்லை என்று வெள்ளிக்கிழமை பொலிஸில் கொடுத்த முறைப்பாடு பிரெஞ்சில்தான். அதில் சின்னம்மாவின் உயரமும் உடுப்பும் இருந்தன. அவர் சொன்னவை இருக்கவில்லை. ஆகவே இன்று மொழிபெயர்ப்பாளர் ஸ்ரீதரன் வந்திருக்கிறார். நான் சொல்ல அவர் எழுதுகிறார்.

காணாமற்போனவர் செல்வமலர், வயது ஐம்பத்தொன்று, என் அம்மா சிவநேசத்தின் ஒரே தங்கை. கணவர் இல்லை. 2005இல் இந்த நாட்டுக்குத் தனியாக வந்தார். ஒரே மகன் மதுஷனை, அப்போது பதினைந்து வயது, கணவரின் தமையன் ஆனந்தராசாவிடம் கிளிநொச்சியில் விட்டுவிட்டு வந்தார். மகனைக் கூப்பிடும் விண்ணப்பம் நான்கு வருடமாக நிலுவையில் உள்ளது. சின்னம்மா மூன்று வீடுகளில் துப்புரவு வேலை செய்தார்.

அதிகாரி கேட்டபடி, விதைகளைப் பற்றி முதலில் சொல்கிறேன்.

2007 ஐப்பசியில் அப்பாவுக்கு இருதயக் குழாயில் அடைப்பு எடுத்தார்கள். அதன் பிறகு வீட்டுச் சாப்பாட்டை நான் மாற்றினேன். கடையில் நிறுத்து விற்கும் ஹெம்ப் விதையைக் கொண்டுவந்தேன். கஞ்சாச் செடியின் இனந்தான், ஆனால் போதை இல்லாத வகை. தோல் நீக்கியது, வெள்ளை, எள்ளைவிடச் சற்றுப் பெரியது. இந்த நாட்டில் சட்டப்படி விளைகிறது. மூன்று மேசைக்கரண்டியில் பத்துக் கிராம் அளவு புரதம் இருக்கிறது. புட்டின் மேல் தூவினேன். சம்பலில் அரைத்தேன். காலை ஓட்ஸில் போட்டேன். அம்மா அதைக் கிளித்தீன் என்றார். அப்பா, "மெத்ரோவில பொலிஸ் நாய் மோந்து பிடிச்சா நான் இவளைத்தான் கைகாட்டுவன்" என்று வருகிற எல்லாரிடமும் சொன்னார். சின்னம்மாவுக்கு அது பிடித்திருந்தது. அப்பாவின் தட்டிலிருந்தும் வழித்து எடுப்பார். இது ஒன்றே கால் வருடம் நடந்தது. ஒருவருக்கும் ஒரு தீங்கும் வரவில்லை.

2009 ஜனவரி 4ஆம் திகதி, போர் நெருங்கியிருந்த தருமபுரத்திலிருந்து மதுஷன் கதைத்தான். அதன் பிறகு அழைப்பு இல்லை.

ஜனவரி 16, வெள்ளிக்கிழமை, சின்னம்மா முருகன் படத்துக்கு முன்னால் நின்று நேர்த்தி வைத்தார். நாங்கள் மூவரும் பக்கத்தில் நின்றோம். "அவன்ர குரலைக் கேக்குமட்டும் ஒருநேரக் கஞ்சி. உப்பில்லை, பாலில்லை, வேறொண்டும் சேராது."

அதன் பிறகு சிவப்புப் பச்சையரிசியைக் கழுவி, காயவிட்டு, வறுத்து, குறுணலாக உடைத்து ஒரு தகரப் பேணியில் போட்டு வைத்தார். அந்தப் பேணியை வேறு யாரும் தொடுவதில்லை. காலையில் காய்ச்சிப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு வேலைக்குப் போவார். நண்பகலில் குடிப்பார். மறுநாள் நண்பகல்வரை தண்ணீர் மட்டும்.

ஜனவரியில் அவர் ஐம்பத்திரண்டு கிலோ. மார்ச் 8ஆம் திகதி நாற்பத்துநான்கு. நான்தான் தராசில் ஏற்றினேன். அந்த வாரம் ஒரு வீட்டில் குளியல் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது மயங்கி அதற்குள்ளேயே விழுந்து கிடந்தார். எழும்பி மிச்சத்தையும் தேய்த்துவிட்டு வந்தார். எங்களுக்கு அதைச் சொன்னது நெற்றியிலிருந்த காயம்.

நான் கேட்டேன். இரண்டு கரண்டி விதையாவது கஞ்சியில் போடச் சொல்லிக் கேட்டேன். விதையும் தானியம் மாதிரித்தான் என்றேன். அவர் சிரித்தார். "நீ படிச்சனி. உனக்குக் கடவுளோட கதைக்கத் தெரியாது. சொன்னாச் சொன்னதுதான், பிள்ளை."

ஆகவே அவர் மறுத்தது எனக்குத் தெரியும். தெரிந்தே செய்தேன். இதை அப்படியே எழுதவும்.

மார்ச் 12, வியாழக்கிழமை, அவர் வேலைக்குப் போன பிறகு விதையை அரைத்து, அந்தப் பேணியில் குறுணலோடு கலந்தேன். நாளொன்றுக்கு மூன்று மேசைக்கரண்டி என்ற கணக்கில். எண்ணெய் உள்ள விதை, அரைத்து வைத்தால் சில நாளில் கசக்கும். அதனால் கொஞ்சங் கொஞ்சமாக, வாரத்தில் இரண்டு தடவை கலந்தேன். ஒரு தடவை அம்மா வாசலில் வந்து நின்றார். பேணியைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். அவரை இதில் பொறுப்பாக்க வேண்டாம்.

அதன் பிறகு சின்னம்மா மெலிவது நின்றது. ஏப்ரல் நடுப்பகுதியில் நாற்பத்தாறு. மே மாதம் நாற்பத்தேழு. கன்னத்தில் நிறம் வந்தது. படிகளில் நிற்காமல் ஏறினார்.

இதை நான் எதிர்பார்த்திருந்தேன். அதற்கு அவர் சொன்ன காரணத்தை எதிர்பார்க்கவில்லை.

ஒருநாள் கஞ்சியை அகப்பையில் எடுத்து என்னிடம் காட்டினார். பால் விடாமலே பால் போல் இருக்கிறது என்றார். ஹெம்ப் விதையை அரைத்துக் காய்ச்சினால் அப்படித்தான் வரும். அதன் பிறகு அவர் தன் மணிக்கட்டை இரண்டு விரலால் வளைத்துப் பிடித்தார். விரல்கள் முட்டவில்லை.

"பார். அவனுக்கு எங்கையோ சாப்பாடு கிடைக்குது. அதான் எனக்கு உடம்பு தேறுது."

கோயிலில் மற்றப் பெண்களிடமும் இதைச் சொன்னார். அவர்களில் சிலர், பிள்ளைகள் அங்கே இருந்தவர்கள், வந்து இவர் கையைத் தொட்டுப் பார்த்தார்கள். நான் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தேன். அன்று வீட்டுக்கு வந்து மறுபடியும் கலந்தேன். நிறுத்தினால் மெலிவார். மெலிந்தால் மகன் பசித்திருக்கிறான் என்று நினைப்பார்.

நிறுத்த ஒரு நாளும் இருக்கவில்லை.

மே 24, ஞாயிற்றுக்கிழமை, வவுனியா முகாமிலிருந்து ஆனந்தராசா யாரோ ஒருவரின் தொலைபேசியில் கதைத்தார். ஒலிபெருக்கியில் எல்லாரும் கேட்டோம். மார்ச் 14ஆம் திகதி காலை மாத்தளனில் மதுஷன் கஞ்சி வாங்க வரிசையில் நிற்கப் போனதாகவும், அந்த இடத்தில் செல் குண்டு விழுந்ததாகவும், தான் போய்ப் பார்த்தபோது அவன் இருந்தவர்களிலும் இல்லை, கிடந்தவர்களிலும் இல்லை என்றும் சொன்னார். அவர் அழுதார். சின்னம்மா அழவில்லை. நீங்கள் காணவில்லைத்தானே என்று அவருக்கு ஆறுதல் சொன்னார்.

அதன் பிறகு அப்பா காணாமற்போனோரைத் தேடும் ஒரு நிறுவனத்தின் படிவத்தைக் கொண்டுவந்தார். தாயின் ஒப்பமும் மகனின் படமும் வேண்டும். முகாம்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் பெயர்ப் பதிவு நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. பிந்தினால் பயனில்லை என்றார்கள். சின்னம்மா படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவன் தொலையவில்லை என்றார். அப்பா கத்தினார். அம்மா காலில் விழாத குறை. சின்னம்மா கையை நீட்டி மணிக்கட்டைக் காட்டினார். மூன்று நாள் இப்படிப் போயிற்று.

அவருடைய உடம்பு ஒன்றுதான் அவரிடமிருந்த சாட்சி. அது பொய்ச்சாட்சி என்பது எனக்குத் தெரியும். அவர் ஒப்பம் வைக்காவிட்டால் மதுஷனை யாரும் தேடமாட்டார்கள்.

மே 28, வியாழக்கிழமை, பின்னேரம் ஆறு மணியளவில், சமையலறையில் பேணிக்குப் பக்கத்தில் விதைப் பையை வைத்தேன். அம்மா குளித்துக்கொண்டிருந்தார். அப்பா வேலையால் இன்னும் வரவில்லை. நான் செய்ததைச் சொன்னேன். அழாமல் சொன்னேன். அவர் குறுக்கிடவில்லை. பேணியைத் திறந்து உள்ளே கையை விட்டு அளைந்து பார்த்தார்.

"எப்ப துவக்கம்?"

"மார்ச் பன்னிரண்டு."

வேறு ஒரு திகதி சொல்லியிருக்கலாம். சொல்லி முடிக்கும்வரை எனக்கு அது தோன்றவில்லை. அவர் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார். அது மே மாதத்தில் இருந்தது.

"அவன் போனது பதினாலு" என்றார்.

அதன் பிறகு பேனை கேட்டார். படிவத்தில் ஒப்பமிட்டார். சுவாமித் தட்டிலிருந்த மகனின் படத்தை எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, என் கையில் தந்தார். பேணியில் இருந்ததைக் கொட்டவில்லை. மூடி வைத்தார்.

அதன் பிறகு எங்களோடு மேசையில் இருந்து சாப்பிட்டார். நான்கரை மாதத்துக்குப் பிறகு. அன்று புட்டும் மீன்குழம்பும். அப்பா செய்வதுபோல விதையைக் கரண்டியால் அள்ளிப் புட்டின் மேல் தூவிக்கொண்டார். இரண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டார். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. படிவத்தில் ஒப்பம் விழுந்த சந்தோஷத்தில் இருந்தார். "இண்டைக்குத்தான் மலர் மனுசர் மாதிரிச் சாப்பிடுறாள். இன்னும் ரெண்டு துண்டு மீன் போடு, சிவம்" என்றார். சின்னம்மா மறுக்கவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தார். கோபம் இருந்ததா என்று அதிகாரி கேட்டார். இருக்கவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருக்கும் ஒருவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

மே 29, வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணிக்கு வழக்கம்போல இல்-பிசார் தீவில் உள்ள வீட்டுக்கு வேலைக்குப் புறப்பட்டார். மண்ணிறக் கோட், சாம்பல் நிறக் காற்சட்டை, கறுப்புச் சப்பாத்து. பிளாஸ்க் எடுக்கவில்லை. போட்டு வாறன் என்று சொல்லவில்லை. போறன் என்றார். நாங்கள் அப்படிச் சொல்வதில்லை. அம்மா திருத்தப் போனார், கதவு சாத்திவிட்டது.

இல்-பிசார் வீட்டுக்காரப் பெண்ணோடு நான் கதைத்தேன். வேலை எல்லாம் முடித்ததாகவும், யாரும் கேட்காமலே அடுப்பின் உட்புறத்தையும் கழுவியதாகவும் சொன்னார். இரண்டு வருடமாகச் சின்னம்மாவிடம் இருந்த அந்த வீட்டுப் பூட்டின் திறப்பு மேசையில் இருந்தது. மூன்று மணிக்கு வெளியேறினார். அங்கே பஸ் குறைவு, தரிப்பிடம் வலது பக்கம். அவர் இடது பக்கம் நடந்ததை அந்தப் பெண் யன்னலால் கண்டார். அதன் பிறகு ஆற்றைக் கடந்து லாவாலுக்குப் போகும் ஃபெரிப் படகில் ஏறியிருக்கிறார். ஃபெரிக்காரர் மண்ணிறக் கோட்டை ஞாபகம் வைத்திருக்கிறார். கம்பியைப் பிடிக்காமல் நடுவில் நின்றாராம். அக்கரையில் இறங்கி வீதியில் மேலே நடந்து போனாராம். ஆற்றுப் பக்கம் திரும்பவில்லை. இதை ஃபெரிக்காரர் எனக்கு இரண்டு தடவை சொன்னார். நான் இரண்டு தடவை கேட்டேன்.

அதற்குப் பிறகு அவரைக் கண்டவர் யாரும் இல்லை.

இனிச் சொல்வது வெள்ளிக்கிழமை முறைப்பாட்டில் இல்லாதது. இதற்காகத்தான் இன்று வந்தேன்.

நேற்று, மே 31, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது இருபதுக்கு வீட்டுத் தொலைபேசி அடித்தது. அப்பாவும் அம்மாவும் லாவாலில் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் எடுத்தேன். தூரத்துச் சத்தம். ஓர் ஆண் குரல்.

"வினோஜா அக்காவோ? நான் மதுஷன்."

குரல் தடித்திருந்தது. அது அவன்தானா என்று அதிகாரி கேட்டார். அவன்தான். என் பெயரின் கடைசி எழுத்தை இழுப்பது அவன் மட்டும். காலில் காயம் என்றும், கப்பலில் கொண்டுவந்து வேறோர் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்றும், பெரியப்பா இருக்கும் இடம் தெரியாது என்றும் சொன்னான். படிவம் இன்னும் எங்கேயும் போய்ச் சேர்ந்திருக்காது. அவனாகத்தான் எடுத்தான்.

"அம்மா நிக்கிறாவோ?"

"கோயிலுக்குப் போட்டா."

"என்னக்கா, காலமையேவோ? மெலிஞ்சு போனாவோ?"

"இல்லை" என்றேன். நான் அவனுக்குச் சொன்னவற்றில் அது ஒன்றுதான் உண்மை.

அது ஒரு தாதியின் தொலைபேசி. அவ ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தருவாவாம். "வாற ஞாயிறு இதே நேரம் எடுக்கிறன். அம்மாவை வீட்டில நிக்கச் சொல்லுங்கோ." நான் ஓம் என்றேன். தொடர்பு அறுந்தது. கருவியில் ஐம்பத்திரண்டு விநாடி என்று காட்டியது. அந்த இலக்கத்துக்குத் திருப்பி எடுத்தேன். இணைப்புக் கிடைக்கவில்லை.

அதன் பிறகு தரையில் இருந்தேன். வீடு அமைதியாக இருந்தது. சின்னம்மாவின் அறைக்குப் போய், அவன் உயிரோடு இருக்கிறான் என்று சத்தமாகச் சொன்னேன். கட்டில் விரித்தபடி இருந்தது. இரண்டாந்தரம் சொல்லவில்லை.

வருகிற ஞாயிறு ஜூன் 7. ஆறு நாள் இருக்கிறது. சின்னம்மாவைக் கண்டால் மகன் கதைத்தான் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். பிரெஞ்சில் சொன்னால் நம்பமாட்டார். நான் சொன்னாலும் நம்பமாட்டார். இவரை அனுப்புங்கள், ஸ்ரீதரனை. இவர் அவருக்கு ஒரு பொய்யும் சொன்னதில்லை.

நான் சொன்னதை ஸ்ரீதரன் தமிழில் எழுதி, எனக்கு உரத்து வாசித்துக் காட்டினார். திகதிகளைச் சரிபார்த்தேன். எதையும் கூட்டவில்லை, நான் செய்ததில் எதையும் குறைக்கவில்லை. யாரும் வற்புறுத்தாமல், என் அறிவுக்கு எட்டியவரை உண்மை என்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) உ. வினோஜா

மேற்படி வாக்குமூலம் என் முன்னிலையில் தரப்பட்டது. கடைசிக்கு முந்திய பந்தியில் என்னைப் பற்றிய வேண்டுகோளை நீக்கலாமா என்று வாக்குமூலம் தந்தவரிடம் கேட்டேன். நீக்க வேண்டாம் என்றார். போகச் சம்மதம் என்று அதிகாரியிடம் தெரிவித்துள்ளேன்.

(ஒப்பம்) ஸ்ரீதரன், மொழிபெயர்ப்பாளர்