வலது கால் ஊன்றும் இடம்

டீ வேண்டாம் ஐயா. வெறும் வயிற்றில் டீ குடித்தால் எனக்கு நெஞ்சு கரிக்கும். தண்ணீர் போதும். ஃபேனை மட்டும் கொஞ்சம் குறைத்து வையுங்கள். காலையிலிருந்து ஈரப் புல்லில் நின்றது, குளிர்கிறது.

உங்களைக் கண்டு எனக்குப் பயம் என்று நினைக்காதீர்கள். நான் சின்ன வயதிலிருந்தே பயந்தாங்கொள்ளி. "உன் நிழலப் பாத்தே நீ ஒதுங்கிப் போவேடா" என்று அக்கா கேலி செய்வாள். என்னைக் கூட்டி வந்தவன் இன்னும் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறானா? சரி, இருக்கட்டும். அவன் இருந்தால் எனக்கும் கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

ஃபுட்பால் க்ளப் மைதானத்தில் புல் என் பொறுப்பு. வெட்டுவது, தண்ணீர் விடுவது, வெள்ளைக் கோடு போடுவது, இடைவேளையில் உள்ளே போய்ப் பெயர்ந்த புல்லை மிதித்து அமுக்குவது. மேட்ச் பார்க்க வருகிறவர்கள் பந்தைப் பார்ப்பார்கள், நான் தரையைப் பார்ப்பேன். புல் தேய்ந்திருப்பதை வைத்தே யார் எங்கே ஓடுகிறான் என்று சொல்லிவிடலாம். பெருமைக்குச் சொல்லவில்லை. தினமும் அதையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்துவிடும்.

வெளியே இருக்கிறவன் என் அக்கா மகன். க்ளப்பில் அவனை ரப்பர் என்று கூப்பிடுவார்கள். எத்தனை முறை தள்ளிவிட்டாலும் எழுந்து நிற்பான், அதனால் அந்தப் பெயர். அக்கா வீட்டுக்காரர் இறந்த பிறகு நான் அவர்கள் வீட்டுப் பின்னறையிலேயே தங்கிவிட்டேன். பையனைப் பந்தோடு முதன்முதலில் மைதானத்துக்குக் கூட்டிப் போனது நான்தான். வலது ஓரக் கோட்டை ஒட்டி ஓடுவான். மூலைக்குக் கொஞ்சம் முன்னால் சட்டென்று வலது காலை ஊன்றி, இடது பக்கம் திரும்பி உள்ளே புகுந்துவிடுவான். எதிராளி கோட்டுக்கு வெளியே போய் நிற்பான். ஜனம் எழுந்து நின்று கத்தும். நான் தலையில் கை வைத்துக்கொள்வேன், ஏனென்றால் அந்த இடத்தில் மட்டும் புல் நிற்கவே நிற்காது. கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து புல் பத்தை வெட்டி வந்து ஒட்டுவேன், அடுத்த வாரம் அதுவும் போய்விடும்.

"என் புல்லுக்கு எமனா வந்து பொறந்திருக்கியேடா" என்பேன்.

"உங்க புல்லு பொழைக்கணுமா, க்ளப் பொழைக்கணுமா மாமா?" என்பான்.

எங்கள் க்ளப் பெரிய க்ளப் இல்லை ஐயா. போன வருடம் இன்னும் கீழ் டிவிஷனுக்கு விழுந்துவிடுவோமோ என்று ஊரே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னாலும் அப்படித்தான், அதற்கும் முன்னாலும் அப்படித்தான். மேட்ச் முடிந்த மறுநாள் சலூனில் கூடுவோம். முடி வெட்டிக்கொள்கிறவர் ஒருவர், வாய் பேசுகிறவர்கள் பத்துப் பேர். ரப்பர் விளையாடிய கடைசிப் பருவத்தில் ஒரு நாள், நாங்கள் ஒரு கோலில் தோற்ற மறுநாள், அங்கே நடந்த பேச்சை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

"ரெண்டாவது பாதில நடு ஆளுங்க எங்கப்பா போனாங்க? தேடிக் கண்டுபிடிச்சுக் குடுங்க, புண்ணியமா போகும்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"நடுவுல ஆள் இருந்தாத்தானே தேடுறதுக்கு" என்றார் பஸ் கண்டக்டர். "நம்ம க்ளப் ஒரு பஸ் ஸ்டாண்டு. எல்லாரும் வர்றான், ஏறிப் போயிடுறான். பொடிசுலேருந்து பாலூட்டி வளக்குறது நாம, கப்பு தூக்குறது வேற ஊரு."

"இந்த ரப்பரும் போயிட்டா அவ்ளோதான். பூட்டைப் போட்டுட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

சலூன்காரர் கத்திரியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "மாமன்காரன் இங்கதானே இருக்காரு. ஒரு வருசத்துக்கு அவன் காலக் கட்டிப் போட்டு வைங்கய்யா, நாம மேல ஏறிடுவோம்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்மேல் நான் பழி போடவில்லை, விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் முதலில் சொன்னது அவர்.

பெரிய க்ளப்காரர்கள் ரப்பரைப் பார்க்க, எங்கள் மைதானத்தில் நடக்கும் அடுத்த மேட்சுக்கு வருகிறார்கள் என்று அந்த வாரமே தெரிந்தது. அக்கா சமையலறையில் சந்தோஷத்தில் தட்டுத் தடுமாறினாள். உப்பு இரண்டு முறை போட்டாள். "அங்கேயே வீடு குடுப்பாங்களாம்டா. நானும் அவனோட போயிடுவேன். நீயும் வந்துடேன், அங்க மட்டும் புல்லு மொளைக்காமலா இருக்கும்?" என்றாள்.

நான் தலையாட்டினேன். ஆனால் அங்கிருக்கும் புல்லுக்கு ஆள் இருப்பான் ஐயா. பின்னறையில் நான் மட்டும் படுத்திருப்பதும், காலி மைதானத்துக்கு நான் தண்ணீர் விடுவதும் கண் முன்னால் வந்தது. சோறு இறங்கவில்லை. பயம் என்றால் அப்படி ஒரு பயம், வயிற்றுக்குள் யாரோ ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி. பையனைப் பற்றியும்தான் பயந்தேன். அந்த மாதிரி இடங்களில் ஓட விட்டு, சக்கையாகப் பிழிந்து வெளியே போட்டுவிடுவார்கள். அவனை யார் பார்த்துக்கொள்வார்கள்?

அதனால் மேட்ச் அன்று விடியற்காலையில் அவன் கால் ஊன்றும் இடத்தில் புல் பத்தையைத் தூக்கிவிட்டு, அடியில் கொஞ்சம் மண்ணை எடுத்தேன். ஒரு சுளுக்கு. நான் நினைத்தது அவ்வளவுதான். ஒரு மாதம் வீட்டில் இருப்பான், வந்தவர்கள் வேறு யாரையாவது பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். முதல் பாதியில் எங்கள் ஆட்கள் எதிர்ப் பக்கம் தாக்குவார்கள், இந்த மூலைக்கு வேறு யாராவது வந்துவிட்டால் பாவம் இல்லையா, அதனால் பள்ளத்தின் மேல் ஒரு பலகையை வைத்து அதன்மேல் புல்லைப் போட்டிருந்தேன். இடைவேளையில் வழக்கம்போல உள்ளே போய் அங்கங்கே மிதித்து அமுக்கினேன். புல் பத்தையை மறுபடி பள்ளத்தின் மேல் மூடிவிட்டு, பலகையை எடுத்துக்கொண்டு வந்தேன். புல்காரன் கையில் பலகையைப் பார்த்து யார் என்ன கேட்கப் போகிறார்கள்?

நான் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. பெரிய க்ளப்காரர்கள் பார்க்கிறார்கள் என்று அவன் அன்று இன்னும் வேகமாக ஓடினான்.

சத்தம் எனக்குக் கேட்டது. கூட்டத்துக்கும் கேட்டிருக்கும், சட்டென்று அடங்கிவிட்டது. முதலில் ஓடிப் போய் அவனைத் தூக்கியது நான்தான். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அவன் முகத்தை என் மடியில் வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லடா, மாமா இருக்கேன்" என்றேன். முட்டி பக்கவாட்டில் போயிருந்தது.

இரண்டு ஆபரேஷன். டாக்டர் நல்ல மனிதர், நடப்பான் என்று சொன்னார். ஓடுவானா என்று அக்கா கேட்டதற்கு, முதலில் நடக்கட்டும் என்றார். அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன் ஐயா, நடிப்பு இல்லை. அந்த வருடம் எங்கள் க்ளப் கீழ் டிவிஷனுக்கு விழுந்தது. அது தனி வருத்தம்.

பயம் அதோடு போயிருக்க வேண்டும், அவன்தான் எங்கும் போகவில்லையே. ஆனால் அதன் பிறகுதான் உண்மையான பயமே பிடித்தது.

அவன் தடியூன்றி நடக்க ஆரம்பித்ததும் மைதானத்துக்கு வந்தான். "நான் எந்த எடத்துல மாமா விழுந்தேன்?" என்றான். நான் நடுக்கோட்டுப் பக்கமாகக் கை காட்டி, "அந்தப் பக்கம்டா. ஈரமா இருந்துச்சு, வழுக்கிடுச்சு" என்றேன். தலையாட்டிவிட்டு நேராக மூலைக்கு நடந்தான். சரியாக அந்த இடத்தில் போய் நின்றான். தடியின் நுனியால் தரையை இரண்டு முறை தட்டினான். குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன், தண்ணீர் என் செருப்பிலேயே கொட்டிக்கொண்டிருந்தது.

ஒன்றும் கேட்கவில்லை. அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. மத்தியானங்களில் என் சாமான் ஷெட்டில் வந்து உட்காருவான். கதவு காற்றில் அடிக்காமல் இருக்க நான் ஒரு பொருளை முட்டுக் கொடுத்திருப்பேன், அதையே பார்த்துக்கொண்டிருப்பான். வீட்டில் எனக்குச் சோறு போட்டுக் கொடுப்பான். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க மாமா" என்பான். அந்தக் குரலில் கோபம் இருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். இரண்டு வருடமாக என் அறைக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுத்தான் படுக்கிறேன்.

பிறகு க்ளப்பில் பொடிசுகளுக்குப் பயிற்சி கொடுக்க அவனை வைத்துக்கொண்டார்கள். அதில் அவன் கெட்டிக்காரன். சின்னப் பிள்ளைகளை நாம்தான் வளர்க்க வேண்டும், வெளியிலிருந்து ஆள் வாங்கியே நாசமாய்ப் போனோம் என்று சலூனில் எத்தனை நாள் கத்தியிருப்போம், அதை அவன் செய்து காட்டினான். அந்தக் கூட்டத்தில் தையல்காரர் மகள் ஒருத்தி. சுண்டெலி என்று கூப்பிடுவோம், அவ்வளவு சின்ன உருவம், அவ்வளவு வேகம். போன வார மேட்சில் தன்னைவிட ஒரு முழம் உயரமான பிள்ளைகளைத் தாண்டி இரண்டு கோல் போட்டாள். மறுநாள் சலூனில் அவள் பேச்சுத்தான்.

"இந்தக் குட்டியையாவது விட்டுடாதீங்கப்பா" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"விடாம? ஏற்கெனவே ஒரு ஆள் வந்து வீடியோ எடுத்துட்டுப் போயாச்சு" என்றார் கண்டக்டர். "சனிக்கிழம மேட்சுக்கு நாலு பேரா வர்றாங்களாம்."

அன்று மாலை கோடு போடப் போனபோது பார்த்தேன். வலது ஓரம், மூலைக்குக் கொஞ்சம் முன்னால், புல் மறுபடியும் தேய ஆரம்பித்திருந்தது. அதே இடம். ரப்பர் தன் வித்தையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். அவன் தேய்த்த இடம் தட்டு அகலம் இருக்கும், இவளுடையது ஒரு கிண்ணம் அளவுதான். அதைப் பார்த்ததும் அந்த ஈரத் துணியை மறுபடி யாரோ பிழிந்தார்கள். அவளும் போய்விட்டால் இவன் எதற்கு இங்கே இருப்பான்? அவளோடு பயிற்சியாளனாகப் போய்விடுவான். அக்காவும் போய்விடுவாள்.

மண் காய்ந்து கெட்டியாக இருந்தது. சனிக்கிழமை காலையில் அவசரமாகச் செய்தால் வெளியே தெரியும். அதனால் இன்று விடியும்போதே போனேன். தோண்டி முடித்துவிட்டேன். மண்டியிட்டு உள்ளே கையை விட்டிருந்தபோது, என் பின்னால் தடி ஊன்றும் சத்தம் கேட்டது. ஐயா, அந்த நிமிடம் என் உயிர் போய்விட்டுத் திரும்பி வந்தது. திரும்பிப் பார்க்க முடியவில்லை.

"ஷெட்டுக் கதவு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு மாமா" என்றான். "முட்டுக் குடுத்திருந்த செங்கல்லக் காணோம். அதான் வந்தேன்."

குனிந்து பள்ளத்துக்குள் பார்த்தான்.

"சாய்ச்சு வெக்கிறீங்களா? எனக்கும் சாய்ச்சுத்தான வெச்சிருந்தீங்க."

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"என் கால்தான மாமா உள்ள போச்சு."

அவன் சத்தமே போடவில்லை. "அம்மாவுக்கு உங்கள விட்டா யாரு இருக்கா, அதான் வாயத் தொறக்கல. இவளுக்கும் பண்ணுவீங்கன்னு நெனைக்கல. எந்திரிங்க" என்றான். என் கையிலிருந்த மண்ணைத் தன் சட்டையாலேயே துடைத்துவிட்டு, கையைப் பிடித்து இங்கே ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்தான். தடியை ஒரு கையிலும் என்னை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, வழி பூராவும் நின்று நின்று வந்தான்.

இப்போது நீங்கள் அந்த அரைச் செங்கல்லைக் கேட்கிறீர்கள். சுளுக்குக்குப் பள்ளம் போதுமே, செங்கல் எதற்கு என்கிறீர்கள். நியாயமான கேள்வி. வெறும் பள்ளம் என்றால் கால் உள்ளே போகும், உடனே வெளியே வந்துவிடும், அவன்தான் ரப்பர் ஆயிற்றே. செங்கல்லைச் சாய்த்து வைத்தால் பாதம் மாட்டிக்கொள்ளும், உடம்பு மட்டும் திரும்பும். முட்டிதான் போகும். சுளுக்கு ஒரு மாதத்தில் சரியாகிவிடும் ஐயா, பெரிய க்ளப்காரர்கள் அடுத்த மாதமும் வருவார்கள். ஆமாம், தெரிந்துதான் வைத்தேன். அன்று முதலில் ஓடியதும் அதை எடுக்கத்தான். அவன் தலை என் மடியில் இருந்தது, என் கை ஒன்று சும்மாதான் இருந்தது.

ஆனால் பாருங்கள், இரண்டு வருடம் தெரிந்தும் அவன் யாரிடமும் சொல்லவில்லை. என் தட்டில் சோறு போட்டான். மனசுக்குள் அவனுக்குப் புரிந்துதான் இருக்கிறது, நான் எதற்காகச் செய்தேன் என்று. அவன் வேண்டுமானால் போயிருக்கலாமே, போகவில்லையே.

ஒரு உதவி செய்யுங்கள். அந்தப் பள்ளத்தை நான் மூடாமல் வந்துவிட்டேன். பிள்ளைகள் பயிற்சிக்கு வருகிற நேரம், யாராவது காலை வைத்துவிட்டால் எனக்குத் தாங்காது. வெளியே அவனிடம் சொல்லுங்கள், போய் மூடட்டும்.

இல்லையா? பெஞ்சு காலியாகவா இருக்கிறது? அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போவதாகவா சொல்லிவிட்டுப் போனான்?

கோபத்தில் சொல்லியிருப்பான் ஐயா. பயப்பட ஒன்றுமில்லை. அந்தக் காலை வைத்துக்கொண்டு அவனால் எவ்வளவு தூரம் போய்விட முடியும்?