ஃபிலிமில் விழுந்த வெள்ளை வடு

இல்லம்மா, அந்தப் பழத்த மேசையில வைக்காதீங்க. அங்க ஃபிலிம் கெடக்கு, ஈரம் படக்கூடாது. கீழயே இருக்கட்டும். போறப்ப எடுத்துக்கிட்டுப் போங்க. உக்காருங்க, அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க.

இப்ப என்னமோ சொன்னீங்களே, மெஷின்தான் சரியாயிடுச்சே, பழையபடி ஓடுதே, இன்னும் எதுக்கு மனசுல வச்சிருக்கன்னு. சரியாயிடுச்சுதாம்மா. சரி பண்ணினதுல பாதி என் கை. அது எப்படி சரியாச்சுன்னு ஒங்களுக்குத் தெரியாதுல்ல? கேளுங்க. அப்புறம் நீங்க கேக்க வந்ததக் கேளுங்க.

அய்யோ, கையெல்லாம் பிடிக்காதீங்க. பரவால்ல, விடுங்கம்மா. ஒங்க ஊர்ல எங்க சனங்க கைய யாரும் பிடிச்சு நான் பாத்ததில்ல, அதான் கூசுது. நான் நீடாமங்கலம் பக்கம்தான். எங்க வீட்ல எல்லாரும் நாத்து நட்டவங்கதான். நான் ஒருத்திதான் படிச்சு இந்த வேலைக்கு வந்தேன். இந்த ஆஸ்பத்திரியில கதிர் வைக்கிற மெஷினுக்கு நான் பொறுப்பு. எவ்வளவு கதிர், எந்த எடத்துல, எந்தப் பக்கத்துலேருந்துன்னு கணக்குப் போட்டு, மெஷின் அந்தக் கணக்குப்படி குடுக்குதான்னு தெனம் பாக்கணும். டாக்டர் இல்லம்மா. ஃபிசிசிஸ்ட்டும்பாங்க.

அந்த மெஷின் உள்ள ஒரு செப்புக் குழாய் இருக்கு. அதுக்குள்ள எலெக்ட்ரான பயங்கர வேகத்துல ஓட விட்டு ஒரு தகட்டுல மோத விடுறோம். அதுலேருந்து வர்ற கதிர்தான் கட்டியக் கருக்கும். தப்பான எடத்துல பட்டா நல்ல சதையயும் கருக்கும். அதனாலதான் அந்த ரூமுக்கு அவ்வளவு தடிமனா சுவரு, ஈயம் வச்ச கதவு, உள்ள போறதுக்கு வளைஞ்சு வளைஞ்சு ஒரு வழி.

அன்னிக்குக் காலையில மேசையில படுத்திருந்தது வைரக்கண்ணு. ஆமா, ஒங்க வீட்டுக்காரர் சாம்பசிவம் ஐயா நெலத்துல குத்தகை பண்றவர்தான். அவங்க அப்பா காலத்துலயே குத்தகை பதிவாயிருக்கு, எறக்கிவிட முடியாது. பைபாஸ் ரோடு வந்ததும் அந்த நெலத்துக்கு வெல ஏறிப்போச்சு. தாசில்தார்கிட்ட ரெண்டு தடவ போயும் தீர்ப்பு அவர் பக்கம்தான். இதெல்லாம் எனக்கு அப்பத் தெரியாதும்மா. எனக்கு அவர் தொண்டையில கட்டி உள்ள ஒரு பெரியவர். தெனம் ஒரே பஸ்சுல சம்சாரம் அம்சத்தக் கூட்டிக்கிட்டு வருவார். ஒரே நேரத்துக்கு வருவார். வயல்ல வச்சு அவர ஒண்ணும் பண்ண முடியாது, விவசாயச் சங்கத்து ஆளுங்க கூடவே இருப்பாங்க. இங்கன்னா தனியா, மேசையோட கட்டிப்போட்ட மாதிரி கெடப்பார். அதத் தெரிஞ்சுதான் வந்தாங்க.

கட்டிப்போட்டதுன்னு சும்மா சொல்லலம்மா. தல அசையக்கூடாதுன்னு முகத்து மேல வலை மாதிரி ஒண்ண அழுத்தி மேசையோட மாட்டிருவோம். கண்ணத் தெறந்தா அந்த வலைதான் தெரியும்.

நான் உள்ள நின்னு அவருக்கு எடம் சரி பாத்துக்கிட்டிருந்தேன். வெளியில கண்ணாடி ஒடையிற சத்தம். பஞ்சநதம் வெளியில மெஷின் ஓட்டுற எடத்துல உக்காந்திருந்தான். அவனத் தெரியுமில்ல ஒங்களுக்கு? அதான், ஒங்க பெரியம்மா வழிப் பேரன். சொந்தமின்னு நீங்கதான் சொல்றீங்க, அவன் எழவுக்கு நீங்க வரல. சரி, அத விடுங்க. அவன் கதவு பட்டன அழுத்திட்டான். அந்தக் கதவு கனம்மா, மெதுவாத்தான் மூடும். முக்காவாசி மூடறதுக்குள்ள எவனோ கடப்பாரைய விட்டு நெம்பிட்டான். மோட்டார் ஒரு கத்து கத்தி நின்னுச்சு.

பஞ்சநதம் ஓடியிருக்கலாம். பின்பக்கம் படி இருக்கு. அவன் ஓடல. அந்த வளைஞ்ச வழியில வந்து குறுக்க நின்னான். ரெண்டு கையயும் விரிச்சுக்கிட்டு நின்னிருக்கணும், ஏன்னா வெட்டு ரெண்டு கையிலயும் உள்பக்கமாத்தான் விழுந்திருந்துச்சு. ஆனந்தம், வேணாம்டா, நான் பஞ்சநதம்டா, உள்ள பேஷன்ட் இருக்காருடான்னான். ரெண்டு தரம் சொன்னான். மூணாவது தரம் ஆனந்துன்னு பாதியில நின்னுருச்சு.

சுவரு தடிமன்தாம்மா. ஒங்க வக்கீலும் அதத்தான் எழுதியிருக்கார், அவ்வளவு தடிமன் சுவத்துக்கு அந்தாண்ட ஒருத்தன் பேசுறது எப்படிக் கேக்கும்னு. ஆனா கதவு தெறந்து கெடந்துச்சே. அந்த வழியில பேசினா கெணத்துக்குள்ள பேசுற மாதிரி நேரா உள்ள வந்து விழும்.

ஒங்க மகன் முகத்தப் பாத்தேனான்னா, பாக்கல. எல்லாரும் துண்டு கட்டியிருந்தாங்க. பாத்தேன்னு ஒரு நாளும் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க.

வைரக்கண்ணு இன்னும் மேசையோடதான் மாட்டிக் கெடந்தார். அந்த வலையோட கொண்டிய எடுக்க வரல. அடியில அவர் கண்ணு மட்டும் அலையுது. கடைசிக் கொண்டி வரலன்னதும் வலையவே பிச்சேன், நகம் பேந்துச்சு. மெஷினுக்குப் பின்னாடி அதோட கரன்ட் சாமானெல்லாம் வைக்கிற அறை ஒண்ணு இருக்கு, பீரோ மாதிரி. மொதல்ல செவப்பு பட்டன அடிச்சு கரன்ட நிறுத்தினேன். நிறுத்தினாலும் உள்ள கொஞ்ச நேரம் கரன்ட் தங்கும்மா, விரல் பட்டா ஆளு கருகிருவார். கையக் கட்டிக்கிட்டு நில்லுங்க ஐயா, எதையும் தொடாதீங்கன்னு சொல்லித் தள்ளிக் கதவ சாத்தினேன். திரும்புறேன், நிக்கிறாங்க.

எங்கடி அவன்னு கேட்டான் ஒருத்தன். கடப்பாரையோட பின்பக்கத்தால இந்தத் தோள்ல ஒண்ணு. இன்னிக்கும் இந்தக் கை கொண்டைக்கு எட்டாது. விழுந்துட்டேன். மேசையில வெறும் வலை பிஞ்சு கெடக்குறதப் பாத்ததும் அவங்களுக்கு வெறி வந்துச்சு பாருங்க. ஆளு கெடைக்காத கோவத்த மெஷின் மேல காட்டினாங்க. ஒரு மனுஷன வெட்டுற மாதிரியே வெட்டினாங்கம்மா. கழுத்துல, மூஞ்சியில. அருவா இரும்புல பட்டு பொறி தெறிக்குது. மெஷினச் சூடு தணிக்கிற தண்ணிக் குழாய் ஒடஞ்சு பீச்சி அடிச்சுச்சு. தண்ணியில கரன்டு இருக்குடா, ஓடுங்கடான்னு எவனோ கத்தினான். அப்பத்தான் போனாங்க. நான் தவழ்ந்து அந்த வழிக்கு வந்தேன். தண்ணியும் ரத்தமும் ஒண்ணா ஓடிக்கிட்டிருந்துச்சு. பஞ்சநதத்தோட தலய மடியில எடுத்து வச்சேன். அவன் என்னையப் பாக்கல. கதவத்தான் பாத்துக்கிட்டே இருந்தான்.

தண்ணி குடிக்கிறீங்களா? பானையில இருக்கு.

போலீஸ் ரூமுக்கு சீல் வச்சுட்டாங்க. வெளியில பெஞ்சு நெறைய நோயாளிங்க. கதிர் வைத்தியத்துல பாதியில நிறுத்தவே கூடாதும்மா. நிறுத்தினா கட்டி முந்திக்கும். முடிஞ்சவங்கள திருச்சிக்கும் சென்னைக்கும் அனுப்பினேன். கோடியக்கரையிலேருந்து காளியம்மாள்னு ஒரு அம்மா, உப்பளத்துல வேல பாத்தவங்க. திருச்சிக்குப் போகத் துணையில்லன்னு தெனம் இங்கயே வந்து உக்காந்துக்குவாங்க. இன்னிக்கு ஓடுமா கண்ணும்பாங்க. ஓடும்மா, சீக்கிரம் ஓடிரும்பேன். அது ஓடறதுக்குள்ள அவங்க வர்றது நின்னுபோச்சு. அவங்க மக வந்து சொல்லிட்டுப் போச்சு. அதக் கொலைன்னு எந்தக் கோர்ட்டுல எழுதுவாங்க, சொல்லுங்க.

மாஜிஸ்ட்ரேட்டுகிட்ட மனு மேல மனு போட்டு சீல எடுக்க வச்சேன். கம்பெனியிலேருந்து அப்துல் மஜீதுன்னு எஞ்சினியர் வந்தார். மொத நாள் மெஷின் மூடியக் கழட்டினதும் அவர் வெளியில போய் வாந்தி எடுத்துட்டார். உள்ள அருவாவோட வந்த ரத்தம் காஞ்சு கெடந்துச்சு. நானும் அவரும்தான் தொடச்சோம், வேற யாரும் வர மாட்டேன்னுட்டாங்க. செப்புக் குழாய் நசுங்கியிருந்துச்சு, வெளிநாட்டுலேருந்து புதுசு வரணும். துறைமுகத்துல மாட்டிக்கிச்சு, அதுக்கு ஓடினேன். குழாய் போடுறவர், கரன்ட்டு ஆளு, கதவு ஆளு, கொத்தனாரு. ஒருத்தர் முடிச்சத இன்னொருத்தர் கெடுத்துராம பாத்துக்கறதுதான் என் வேலை. பஞ்சநதம் பொண்டாட்டி மங்களாம்பிகை புள்ளையத் தூக்கிக்கிட்டு ஒரு நாள் வந்து, அந்த வழியில அவன் விழுந்த எடத்தக் காட்டுங்கன்னுச்சு. அப்ப அங்க கொத்தனாரு பூசிக்கிட்டிருந்தார். கரண்டியக் கீழ வச்சுட்டு தள்ளி நின்னுக்கிட்டார். மங்களாம்பிகை ஈரச் சிமென்ட்டுலயே உக்காந்துருச்சு.

மெஷின் ஓடுச்சு. தண்ணித் தொட்டி வச்சு கதிர அளந்து பாத்தோம், சரியா இருந்துச்சு. மேனேஜர் கல்யாணம் சார் குதிக்கிறார். அமைச்சர் தேதி குடுத்துட்டார், ரோடு முழுக்கக் கொடி கட்டியாச்சு, கையெழுத்துப் போடும்மாங்கிறார். நான் கையெழுத்துப் போட்டாத்தான் நோயாளிய ஏத்தலாம்.

கடைசியா ஃபிலிம் எடுத்தேன். கதிர் பட்ட எடம் ஃபிலிம்ல கருப்பா, ஒரே சீரா விழணும். விழுந்துச்சு. ஆனா ஒரு ஓரத்துல சின்னதா ஒரு வெள்ளை வடு. நகத்தால கீறின மாதிரி. மஜீது பாய் ஃபிலிம் கோளாறுன்னார். வேற எடுத்தோம், திரும்பவும் வடு. மெஷினச் சாய்ச்சு எடுத்தா இல்ல. நேரா நிமித்தினா இருக்கு. அப்ப உள்ள என்னமோ நகருது. வெள்ளையா இருக்குற எடத்துல கதிர் போகலன்னு அர்த்தம். அங்க நோய் பொழச்சுக்கும். நான் கையெழுத்துப் போடலம்மா. அமைச்சர் நிகழ்ச்சி ரத்து. கல்யாணம் சார் என்னயப் பாத்து, ஒங்க சாதிக்கு இவ்வளவு திமிரான்னார். எல்லாரு முன்னாடியும்தான் சொன்னார். மெஷின் தலையத் தெறங்க பாய்னு மட்டும் சொன்னேன்.

தெறந்தோம். கதிர மறைக்கிற தகடெல்லாம் அடுக்கா இருக்கும், அதுக்கு இடுக்குல ஒரு இரும்புச் சில்லு. ஒரு பக்கம் கூரு. பாய் இடுக்கியால எடுத்துக் குப்பைத் தட்டுல போடப் போனார். போடாதீங்க பாய், தொடாதீங்கன்னு கத்திட்டேன். என் கத்தல் எனக்கே புதுசா இருந்துச்சு. இன்ஸ்பெக்டரக் கூப்பிட்டு, அவரு முன்னாடி படம் எடுத்து, கவர்ல போட்டு அரக்கு வச்சு அனுப்பினோம். அதுக்கப்புறம் எடுத்த ஃபிலிம்ல வடு இல்ல. அன்னிக்குச் சாயங்காலமே கையெழுத்துப் போட்டேன். மொத ஆளா வைரக்கண்ணத்தான் ஏத்தினேன். அவரு படுக்க மாட்டேன்னுட்டாரு, அந்த வலையக் கையால தள்ளித் தள்ளி விட்டாரு. அம்சம் அம்மா உள்ள வந்து அவர் கால்மாட்டுல நின்னு, நான் வாசல்ல நிக்கிறேன், எவன் வந்தாலும் என்னையத் தாண்டித்தான் வரணும்னுச்சு. அப்புறம்தான் படுத்தார்.

அழாதீங்கம்மா. நீங்க கேக்க வந்தது தெரியும். நாளைக்குக் கூண்டுல ஏறி, பேரு சரியாக் காதுல விழலன்னு சொல்லணும். ஒத்த வார்த்தை. ஒரு தாய்க்காக. அவ்வளவுதான?

நான் கேட்டதச் சொல்லுவேம்மா. ஆனா இப்ப நான் மாத்திச் சொன்னாலும் ஒண்ணும் ஆகப்போறதில்ல. ஒங்க மோட்டார் கொட்டகையில போலீஸ் ஒரு அருவா எடுத்துச்சுல்ல, முனை ஒடஞ்சது? சென்னையிலேருந்து ரிப்போர்ட் வந்திருச்சாம். அந்தச் சில்லு அதுல அப்படியே பொருந்துதாம்.

ஒங்ககிட்ட வக்கீல் சொல்லலையா? சொல்லியிருக்க மாட்டார்.

தேங்காய் வெட்டுறப்ப ஒடஞ்சது, போன பொங்கலுக்கே ஒடஞ்சது, என் கண்ணால பாத்தேன்னு போலீஸ்ல நீங்கதானம்மா சொல்லியிருக்கீங்க? பொங்கலுக்கே ஒடஞ்ச முனை மெஷினுக்குள்ள எப்படி வந்துச்சும்பாங்க. அதான் ஒங்கள உக்கார வச்சு இவ்வளவும் பேசினேன். நாளைக்கு நான் எறங்கினதும் அடுத்து ஒங்களத்தான் கூப்பிடுவாங்க.