இரண்டரை மில்லி

உங்கள் மேசைமேல் இருக்கும் பெயர்ப்பலகையில் ‘ஆய்வாளர்’ என்ற சொல்லில் ‘ய்’க்கும் ‘வா’வுக்கும் நடுவே இடம் கொஞ்சம் அதிகம். இரண்டு சொல் போலத் தெரிகிறது. குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். கண்ணில் பட்டதைச் சொல்லாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை.

என் பெயர் கோமளா. வயது நாற்பத்தொன்பது. கோவை கணபதியில் ஒரு லேபிள் அச்சகத்தில் இருபத்தாறு வருடமாக டிசைனராக இருக்கிறேன். பதினொரு வருடத்துக்கு முன்னால் தமிழ் எழுத்துரு வரைகிறவர்களுக்கும், வரையாவிட்டாலும் அதில் பைத்தியமாக இருக்கிறவர்களுக்கும் இணையத்தில் ஒரு குழு ஆரம்பித்தேன். ‘கொம்பும் காலும்’ என்று பெயர். இன்று அறுநூற்று நாற்பது பேர் இருக்கிறார்கள். வெளியே என்னை உட்கார வைத்த ஏட்டம்மா, “இதுக்கெல்லாமா ஒரு குரூப்புங்க?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போகிறேன். அது புரிந்தால்தான் மற்றது புரியும்.

எழுத்தை எல்லோரும் படிக்கிறார்கள், யாரும் பார்ப்பதில்லை. ‘உக்கடம்’ என்று படித்துத்தான் பஸ்ஸில் ஏறுகிறார்கள். அந்தப் பலகையில் ‘ட’ நிமிர்ந்திருந்ததா, சாய்ந்திருந்ததா என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. இதை எங்கள் வீட்டில் சொன்னால் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். பொள்ளாச்சியில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் ரங்கராஜ் என்பவர் குழுவில் சேர்ந்த புதிதில், நான் வரைந்த எழுத்தைப் பார்த்துவிட்டு, “அம்மணி, தப்பா நெனைக்காதீங்க. உங்க ‘ணு’ சறுக்கி உழுகற மாதிரி இருக்குதுங்க” என்று எழுதினார். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் திறந்து பார்த்தேன். சறுக்கித்தான் இருந்தது. திருத்தினேன். அந்த மனிதரை இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் என் வேலையை அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தவர் என் வாழ்க்கையில் அவருக்கு முன்னால் ஒருவரும் இல்லை.

குழுவின் மதிப்பு அதுதான். ஒருவர் செய்ததை இன்னொருவர் முழுசாகப் பார்ப்பார், பார்த்ததைச் சொல்வார். அதற்காகவே ஒரு விதி வைத்தேன். யார் புது எழுத்துரு செய்தாலும் கடைசிக் கோப்பை என்னிடம் தரவேண்டும். நான் அதைப் பத்து நாள் பொதுவில் வைப்பேன். எல்லோரும் அதில் எதையாவது அடித்துப் பார்த்துப் பிழை சொல்லவேண்டும். அதன் பிறகுதான் வெளியீடு. ‘அருமை’ என்று எழுதுகிறவர்களைக் கண்டிப்பேன். கடுமைக்காரி என்று பெயர் வாங்கினேன். பரவாயில்லை. எட்டு வருடத்தில் எங்களிடமிருந்து பிழையோடு ஒரு எழுத்துருவும் வெளியே போகவில்லை.

அதற்குப் பிறகு மிஸ்பா வந்தாள். கோட்டைமேட்டுப் பெண், இருபத்தாறு வயது, வீட்டிலிருந்தபடியே கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறவள். கெட்டிக்காரி. அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. பணிவும் உண்டு. அதனால்தான் எல்லாம் கெட்டது. அவள் ஒரு எழுத்தைப் போட்டால் ஐந்து நிமிடத்தில் நாற்பது இதயம் விழும். புதிதாக வருகிறவர்கள் சந்தேகத்தை அவளிடம் கேட்க ஆரம்பித்தார்கள். எனக்கு அதில் பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். உங்கள் பேனா, உங்கள் காகிதம். நான் கவனித்தது வேறு. ஆட்கள் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒருமுறை அவளுடைய ‘ஞ’வில் கோடு தெளிவாகவே தடித்திருந்தது. நான் சுட்டிக் காட்டியபோது ரங்கராஜ், அதே ரங்கராஜ், “மிஸ்பா கண்ணு போட்டா சரியாத்தானுங்க இருக்கும்” என்று எழுதினார்.

போன தை மாதம் அவள் ‘சிறுகண்’ என்ற எழுத்துருவை முடித்தாள். மருந்துச் சீட்டு, உரப் பை மாதிரி இடங்களில் பொடியாக அச்சிட்டாலும் படிக்க வருகிற எழுத்து. அவளுடைய அத்தா அப்துல் முத்தலிப்புக்கு மாத்திரை அட்டையில் இருப்பது தெரியவில்லை என்பதற்காக இரண்டு வருடம் உட்கார்ந்து செய்தது. கோப்பை எனக்கு அனுப்பிவிட்டுப் போனில் சொன்னாள். “அக்கா, நீங்க ஒருதடவ பாத்துட்டீங்கன்னா எனக்குப் போதுங்க்கா. பல்லடத்துல ஒரு பண்ணை மருந்துக் கம்பெனிக்காரங்க லேபிளுக்கு வேணும்னு காத்திருக்காங்க.”

பார்த்தேன். ஒரு வாரம் பார்த்தேன். பிழை இல்லை.

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. பிழையை நான் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அவர்கள் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்த்தால் போதும்.

இரண்டு எழுத்துக்கு நடுவில் எவ்வளவு இடம் விடவேண்டும் என்று எழுத்துருவுக்கு உள்ளேயே கணக்கு இருக்கும். புள்ளிக்கும் அதற்குப் பின்னால் வரும் ஐந்துக்கும் நடுவே இருந்த எண்ணை மாற்றினேன். ஒரே ஒரு எண். மற்ற எங்கேயும் கை வைக்கவில்லை. அப்படிச் செய்தால் புள்ளி நகர்ந்து ஐந்தின் வால் நுனியோடு ஒட்டிக்கொள்ளும். பெரிதாக அடித்தால் வால் கொஞ்சம் தடித்த மாதிரி இருக்கும். பொடியாக அடித்தால் புள்ளியே இருக்காது. 2.5 என்பது 25 ஆகிவிடும். அந்தக் கோப்பைப் பொதுவில் வைத்தேன்.

பத்து நாள். முந்நூற்றுப் பன்னிரண்டு இதயம். ‘அருமை’ எத்தனை என்று எண்ணவில்லை. பத்தாம் நாள் வெளியிட்டேன். கம்பெனி எடுத்துக்கொண்டது. பழைய லேபிளில் வாசகம் மாறவில்லை, எழுத்துரு மட்டும்தான் மாறுகிறது என்பதால் அங்கே எண்களை யாரும் மறுபடி சரிபார்க்கவில்லை. அச்சிட்டது எங்கள் அச்சகம்தான். ஆமாம், மாதிரி அச்சுத் தாள் என் மேசைக்கு வந்தது. நிறம் சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. நிறம் சரியாக இருந்தது.

கோழிக்கொட்டகையில் தெளிக்கிற கிருமிநாசினி அது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டரை மில்லி. பல்லடத்துக்குத் தெற்கே சென்னியம்மாள் என்கிற பெண் லிட்டருக்கு இருபத்தைந்து மில்லி கலந்து, நான்கு பக்கமும் படுதாவை இறக்கிவிட்டு, இரண்டு மணி நேரம் தெளித்திருக்கிறார். நுரையீரல் வெந்துபோய் ஆறாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். அதை நீங்கள் எனக்குச் சொல்லவேண்டியதில்லை. நான் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

மருந்து அந்தக் கம்பெனியுடையது என்று கேள்விப்பட்டதும் மிஸ்பா அங்கே போகவேண்டும் என்றாள், தனியாகப் போகப் பயந்தாள். என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். போனேன். சென்னியம்மாளின் கணவர் தம்பிதுரை எங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். யார், என்ன என்று கேட்கக்கூட இல்லை. காலி டப்பாவைக் கொண்டுவந்து மிஸ்பாவின் கையில் கொடுத்தார்.

“ஆளாளுக்கு அவ படிக்கத் தெரியாம ஊத்திப்போட்டாங்கறாங்கம்மணி. அவ பத்தாவது பாஸுங்க. எந்த மருந்து வந்தாலும் எனக்குப் படிச்சுச் சொல்றதே அவதானுங்க. இதுல என்ன போட்டிருக்குதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க.”

மிஸ்பா பார்த்தாள். அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் எட்டிப் பார்த்தேன். அச்சு சுத்தமாக வந்திருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாள். “அக்கா, நீங்க பாத்தீங்கல்ல? அப்ப இது இருந்துச்சா?”

“நீ அனுப்பிச்சதத்தான் கண்ணு நான் ஏத்துனேன்” என்றேன். “கடசீல எதையாச்சும் மாத்திப்போட்டியா? நல்லா நெனச்சுப் பாரு.”

அவள் நினைத்துப் பார்த்தாள். சூலூர் வரைக்கும் நினைத்துப் பார்த்தாள். சிங்காநல்லூரில் இறங்கும்போது, “மாத்தியிருப்பேன் போலருக்குங்க்கா” என்றாள். மறுநாள் தன் கோப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் குழுவில் தன் பெயரில் மன்னிப்புக் கேட்டு எழுதினாள். இதயம் போட்ட அதே ஆட்கள் அவளைக் கொலைகாரி என்றார்கள். அதன் பிறகு அவள் ஒரு எழுத்தும் வரையவில்லை என்று கேள்விப்பட்டேன். நீங்கள் அவள் கணினியைத் தோண்டி அவளுடைய அசல் கோப்பை எடுத்திருக்காவிட்டால் அவளே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருப்பாள். அவ்வளவு நம்பிக்கை என்மேல்.

நான் வருந்துவதாக எழுதிக் கையெழுத்துக் கேட்டால் போடமாட்டேன். எண்ணை மாற்றியது நான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பத்து நாள் நான் எதையும் ஒளித்துவைக்கவில்லை. வெட்டவெளியில் வைத்தேன். அறுநூற்று நாற்பது ஜோடிக் கண்கள். ஒருவர், ஒரே ஒருவர், இரண்டு, புள்ளி, ஐந்து என்று மூன்று விசையைத் தட்டியிருந்தால் அந்த அம்மாள் இன்றைக்கும் கோழிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருப்பார். பார்ப்பதற்கென்றே கூடிய ஆட்கள் பார்க்கவில்லை என்றால் குற்றத்தை அறுநூற்று நாற்பதாக வகுத்து என் பங்கை மட்டும் எனக்குக் கொடுங்கள். நீதிபதி முன்னாலும் இதையேதான் சொல்வேன்.

இது என்ன தாள்?

சரி. இதைப் படம் பிடித்து வைத்திருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

உவைஸ். கரும்புக்கடையில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். ஒன்பதாம் நாள் காலை பத்தே முக்காலுக்குக் குழுவில் எழுதினார். “ஏனுங்க, இதுல 2.5 அடிச்சா 25ன்னு காட்டுதுங்களே. எங்கண்ணுதான் கோளாறுங்களா?” என்ன எழுதினார் என்பது எனக்கு மனப்பாடம். தாளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு நிமிடத்தில் அதை நீக்கினேன். அவரையும் குழுவிலிருந்து எடுத்துவிட்டேன். ஏதோ தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டோம் என்று நினைத்திருப்பார், பாவம். திரும்ப வரவே இல்லை. விட்டிருந்தால் மிஸ்பா வந்து நன்றி அண்ணா என்று எழுதுவாள், திருத்துவாள், அதற்கும் முந்நூறு இதயம் விழும். இன்னும் ஒரு நாள் பாக்கி இருந்தது. எங்கள் ஆட்களில் யாராவது பார்ப்பார்கள் என்று காத்திருந்தேன்.

நான் முதலில் சொன்னதில் மாற்றம் ஒன்றும் இல்லை, அப்படியே இருக்கட்டும். உவைஸ் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அவரை எப்படிக் கணக்கில் சேர்ப்பது? எங்கள் குழுவில் ஒருவரும் பார்க்கவில்லை.