யோரிந்தேவின் எண்பது ரசிகர்கள்

பாலத்தைத் தூக்கி இறக்குகிறவனுக்குப் பேச்சுத்துணை கிடையாது. ஸ்னேக் ஊரில் பணி ஓய்வு பெறும்வரை ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். கடந்துபோகும் படகுக்காரர்களிடம், நேற்று இந்தக் கால்வாயில் ஒரு திமிங்கிலம் கட்டணம் கட்டாமல் போய்விட்டது, பார்த்தால் சொல்லுங்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பேன். சிரித்துக்கொண்டே போவார்கள். யாருக்கும் ஒரு சேதமும் இல்லை.

இந்தப் புகாரை விசாரிக்கும் நீங்கள் மூவரும் என்னைப்போலச் சர்வர் நடத்துகிறவர்கள். படமும் பேச்சும் பகிர்ந்துகொள்ளும் நம் வலையின் பெருமையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரே முதலாளி கிடையாது; ஆளுக்கொரு சின்ன வீடு, வீட்டுக்கு வீடு ஒரு கதவு. என் வீடு, அதாவது என் சர்வர் கணினி, மாடிப்படிக்கு அடியில் உள்ள அலமாரியில் ஓடுகிறது. அதில் குடியிருந்தவர்களில் பெயர் பெற்றவள் யோரிந்தே ஒருத்திதான். அடுத்த வீட்டுப் பெண். வயல் வாய்க்கால்களுக்குள் கேமராவை இறக்கி நத்தை, அட்டை, முள்மீன் எல்லாவற்றையும் படம் எடுப்பாள். பெரிய தளத்தில் அவளுக்கு நாற்பதாயிரம் பேர் இருந்தார்கள். திடீரென்று, யாருக்கு எதைக் காட்டுவது என்று அங்கே தீர்மானிக்கிற இயந்திரத்துக்கு நத்தை பிடிக்காமல் போயிற்று. அது அவள் படங்களை யாருக்கும் காட்டவில்லை. நான்தான் அழைத்தேன். இங்கே உன்னை யாரும் புதைக்க முடியாது என்றேன். அது உண்மை. கண்டெடுக்கவும் ஆள் இல்லை என்பதைச் சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காப்பிக்கு வந்தவள் பிஸ்கட்டைக்கூடத் தொடவில்லை.

"வீபே, உங்க வலையில ஆளே இல்லையே. அட்டைக்கு இருக்கிற சொந்தபந்தம்கூட எனக்கு இல்ல."

"வேற சர்வர் நடத்தற பெரெண்ட் எழுதறானே."

"அந்த மனுஷனா? 'நத்தை நேத்தும் இடப்பக்கம்தான் இருந்துச்சு'ன்னு எழுதறாரு. அது பாராட்டா, புகாரான்னே தெரியல. நான் பழைய இடத்துக்கே போயிடறேன். கோவிச்சுக்காதீங்க."

கோபமெல்லாம் இல்லை. அன்று மாலையே என் கணினியில் சோல்வெய்க் பிறந்தாள்.

நார்வேயில் ஒரு தீவு. ஓய்வுபெற்ற இசை ஆசிரியை, ஒரு காது கேட்காது, ஆட்டுக்கடா ஒன்று வளர்க்கிறாள். அது நத்தைப் படம் ஓடும்போது மட்டும் அசையாமல் நிற்கும். எழுத எழுத எனக்கே அவளைப் பிடித்துப்போயிற்று. பிறகு கெண்ட் நகரத்துப் பல் மருத்துவர்; நோயாளியின் வாயைத் திறக்கவைத்துவிட்டு எதிரே யோரிந்தேவின் படத்தை ஓடவிடுவார், ஊசியே வேண்டாம் என்பார். பிரேமனிலிருந்து ஒரு லாரிக்காரர். எண்பது பேர் வரை போயிற்று. எல்லோரும் ஒரே சர்வரில் இருந்தால் சந்தேகம் வருமென்று வெவ்வேறு பெயர்களில் ஆறு சர்வர்கள் திறந்தேன். ஒருவருக்கொருவர் சண்டைகூடப் போடவைத்தேன்.

யோரிந்தே மலர்ந்தாள். அது பொய்யில்லை. அவள் எடுத்த நல்ல படங்கள் எல்லாம் அந்த இரண்டு வருடத்தில் வந்தவை.

பிறகு தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். குழந்தைகளுக்கான இயற்கை நிகழ்ச்சி, நிரந்தர வேலை. ஒரே நிபந்தனை: படங்கள் இனி அவர்களிடம் மட்டும்தான். என் சமையலறையில் நின்றுகொண்டுதான் அவர்களைத் தொலைபேசியில் அழைத்து மறுத்தாள்.

"என் ஆளுங்க எண்பது பேரு. அவங்களைத் தவிக்கவிட்டுட்டு வரமாட்டேன்" என்றாள்.

அப்போது வாயைத் திறந்திருக்கலாம். நான் காப்பி ஊற்றினேன். அன்றிரவு சோல்வெய்க், நீ எங்களோடு இருந்துவிட்டதற்கு நன்றி, என் ஆடும் நன்றி சொல்கிறது என்று எழுதினாள். அதை எழுதும்போது என் கண் கலங்கியது. இதைச் சொல்லத்தான் எனக்கு மிகவும் கூச்சமாக இருக்கிறது.

இந்த வசந்தத்தில் யோரிந்தே சோல்வெய்க்கைப் பார்க்கக் கப்பல் சீட்டு வாங்கினாள். வேறு வழி தெரியாமல் சோல்வெய்க்கைச் சாகவிட்டேன். தூக்கத்தில், வலியில்லாமல். யோரிந்தே என் தோளில் சாய்ந்து அழுதாள். ஆனால் பயணத்தை நிறுத்தவில்லை. கல்லறையில் பூ வைக்கிறேன் என்று போனாள். அந்தத் தீவில் சோல்வெய்க் என்று யாரும் வாழ்ந்ததுமில்லை, செத்ததுமில்லை. ஆடுகூட இல்லை.

திரும்பி வந்தவளுக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

"யாரோ என்னை வெச்சு விளையாடியிருக்காங்க வீபே. நீங்கதான் சர்வர்காரர். கண்டுபிடிச்சுக் குடுங்க."

ஒரு பெயர் சொல்லியாக வேண்டியிருந்தது. பெரெண்ட் என்றேன்.

அந்த எண்பதில் சேராத ஒரே ஆள் அவன். நிஜமாகப் பார்த்தவன். ஒவ்வொரு படத்தையும் பார்த்து, நத்தை எந்தப் பக்கம் இருந்தது என்று மறுநாளும் ஞாபகம் வைத்திருந்தவன். அவனுடைய சர்வரில் மணிக்கூண்டில் மணி இசைக்கிறவர்கள் முப்பது பேர் குடியிருந்தார்கள். நம் பழக்கம் உங்களுக்கே தெரியும்: ஒரு சர்வர்காரர் எச்சரித்தால் முதலில் கதவைச் சாத்துவோம், விசாரணை அப்புறம். நான் எச்சரிக்கை அனுப்பினேன். ஒரே வாரத்தில் நூற்றுக்கணக்கான சர்வர்கள் அவனுக்குக் கதவைச் சாத்தின. உங்களுடையவையும்தான். அந்த மணிக்காரர்களின் கச்சேரி அறிவிப்புகள் இப்போது அவர்களுக்குள்ளேயே சுற்றுகின்றன. பெரெண்ட் அவளுக்கு எழுதிய கடைசிச் செய்தி என் சர்வரின் வாசலில் கிடந்தது. நான் உள்ளே விடவில்லை. 'நான் நத்தையைப் பார்த்தேன், அவ்வளவுதான் செய்தேன்' என்று எழுதியிருந்தான்.

அவன் உங்களிடம் முறையிட்டது சரிதான். அவன் குற்றமற்றவன் என்று எழுதிக்கொள்ளுங்கள். சோல்வெய்க் நான்தான். பல் மருத்துவரும் லாரிக்காரரும் மற்ற எல்லோரும் நான்தான். யோரிந்தேவுக்கு இன்னும் தெரியாது. சோல்வெய்க் மட்டும்தான் போலி, மற்றவர்கள் நிஜம் என்று நம்புகிறாள். அந்த நம்பிக்கையில்தான் இன்று காலைகூட வாய்க்காலுக்குப் போயிருக்கிறாள்.

என் ஏழு சர்வர்களையும் மூடிவிடுங்கள், மறுப்பில்லை. அதற்கு முன் எனக்கு ஒரு மாலை மட்டும் அவகாசம் கொடுங்கள். அவர்கள் எழுபத்தொன்பது பேரும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போகட்டும். சொல்லாமல் போனால் அவள் தாங்கமாட்டாள், அவளை எனக்குத் தெரியும்.