ஆயில்யமும் அரை மணித்தியாலமும்

அவையின் நடுவே அமர்ந்திருக்கும் வாசிகசாலைத் தலைவர், அன்பின் பழனியாண்டி ஐயா அவர்களே! வட்டகொடைக்கு ஒரு தொலைநோக்கியை வாங்கித் தந்திருக்கும் கடை முதலாளி, வாரி வழங்கும் முஹ்ஸின் நானா அவர்களே! தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு, கூடையை லயத்து வீட்டில் இறக்கிவைத்த கையோடு வந்திருக்கும் தாய்மார்களே! பெரியோர்களே! பிள்ளைகளே! உங்கள் எல்லோருக்கும் யோகேஸ்வரன் வாத்தியாரின் வணக்கம்.

களைத்த குரலை மன்னியுங்கள். முப்பத்திரண்டு ஆண்டுகள் விஞ்ஞானம் படிப்பித்துத் தேய்ந்த தொண்டை இது. நட்சத்திரக் கூட்டங்களை நான் அறிமுகம் செய்வேன் என்று நோட்டீஸ் அடித்துவிட்டார்கள். வெளியே பனிமூட்டம், உள்ளே நான். இன்றைக்கு உங்களுக்கு வாய்த்தது இவ்வளவுதான். சிரியுங்கள், சிரியுங்கள்.

வானத்தில் இருப்பவை என்ன? புள்ளிகள்! ஒன்றை ஒன்று அறியாத ஒளிப் புள்ளிகள்! அவற்றுக்கிடையே கோடு கிழித்தவன் யார்? மனிதன்! ஆறு மீன்கள் கூடி நின்றால், கார்த்திகைப் பெண்கள் என்று சொல்லி முருகனுக்குப் பால் கொடுக்க வைத்தோம். ஏழு மீன்களைக் கண்டு ஏழு முனிவர் என்றோம். அதே ஏழு மீன்களைக் கலப்பை என்றான் வெள்ளைக்காரன், கரடி என்றான் கிரேக்கன். வரிசையாய் நிற்கும் மூன்று மீன்களை ஒரு வேடனின் இடுப்புவார் என்கிறது புத்தகம். நோர்வூட்டில் நான் படிப்பித்த காலம், ஒன்பதாம் வகுப்பில் அந்தப் புள்ளிகளைக் கொடுத்து இணைக்கச் சொன்னேன். தனுஜா என்ற பிள்ளை, இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிய கொழுந்துக்காரி ஒருத்தியை வரைந்து வந்தாள். "இது எங்கம்மா சார்" என்றாள். நூற்றுக்கு நூறு போட்டேன்.

அன்பை அங்கே எழுதிய நாம், அச்சத்தையும் அங்கேயே எழுதினோம். ஆயில்யம் என்பது மங்கலான சில மீன்கள். பாம்பு என்றோம். கிரேக்கனும் பாம்பென்றான். அதுவரைக்கும் அழகு. "ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது" என்று யார் சேர்த்தது? எந்த மீன் சொன்னது? எந்த வானம் சொன்னது?

கை தட்டாதீர்கள் தாய்மார்களே. முப்பத்திரண்டு வருடமாகத் தட்டுகிறீர்கள். தட்டிய கையோடு ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியரிடம் போகிறீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. நானும் போனேன்.

அந்தத் தனுஜா இன்று ஆசிரியை. என் மகன் லோஜனும் அவளும் விரும்பினார்கள். அவளுடைய ஜாதகம் வந்தது. ஆயில்யம்! என் மனைவி ஜீவராணி கண் கலங்கினார். "போன வருஷந்தான் நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரியில கெடந்தேன். எனக்குப் பயமா இருக்குங்க" என்றார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? உங்களுக்குச் சொன்னதைச் சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லை ஐயா. கணக்குப் பார்த்தேன்!

தனுஜா பிறந்தது இரண்டாயிரத்து ஒன்றில். அந்தக் காலத்தில் அரசாங்கம் நம் நாட்டுக் கடிகாரத்தை அரை மணித்தியாலம் முன்னே தள்ளி வைத்திருந்தது, பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஆறேகால் என்று எழுதியிருந்த பிறந்த நேரத்தில் அதைக் கழிக்க ஜோசியர் மறந்திருந்தார். கழித்தால் ஐந்தே முக்கால். நட்சத்திரம் பூசம்! "பூசமா? அப்ப சரிங்க" என்றார் மனைவி. பழத்தட்டோடு நோர்வூட்டுக்கு ஓடினேன்.

என் கணக்கைப் பெருமையாக விளக்கினேன். தனுஜா கேட்டாள்: "அஞ்சே முக்காலுக்குப் பொறந்தா மகாலட்சுமி, ஆறேகாலுக்குப் பொறந்தா மாமியாரக் கொல்றவளா சார்? வெறும் புள்ளின்னு நீங்கதானே படிச்சுக் குடுத்தீங்க? கடிகாரத்தத் திருத்தித்தான் ஒங்க வீட்டுக்குள்ள வரணும்னா, நான் வரல சார்."

கொண்டுபோன தட்டைத் திரும்பச் சுமந்து வந்தேன். வெட்கமாக இருந்தது. இதை மேடையில் சொல்லலாமா என்று நேற்றுப் போனில் அவளிடம் கேட்டேன். "பேரையும் சொல்லுங்க சார். ஒளியிறதுக்கு நான் என்ன குத்தம் செஞ்சேன்?" என்றாள்.

குற்றம் யாருடையது? விண்மீனுடையதா? இல்லை! ஜோசியருடையதா? இல்லை! பயந்துபோன என் மனைவியுடையதா? பயம் குற்றமில்லை! ஊருக்கு உண்மை உரைத்தவன், உள்வீட்டில் ஊமையானேனே, குற்றம் என்னுடையது! மேடையில் முழங்கியவன் மனைவிமுன் மழுப்பினேனே, குற்றம் என்னுடையது!

நாளைக் காலை ஏழு மணி பஸ்ஸில் நோர்வூட் போகிறேன். பூசத்தைக் கேட்க அல்ல, தனுஜாவைக் கேட்க. ஆயில்யமாகவே இருக்கட்டும். முதலில் மன்னிப்புக் கேட்பேன், பிறகு பெண் கேட்பேன். அவள் மறுத்தால் அது அவளுடைய நியாயம், தலை குனிந்து திரும்புவேன்.

பொறுமையாகக் கேட்டிருந்த உங்களுக்கெல்லாம் என் நன்றி. மூன்றாம் வரிசையில் இருப்பவரிடம் மட்டும் ஒரு வார்த்தை. ஜீவராணி, பயமா இருந்தா பயத்தோடயே வா. பக்கத்துல நான் ஒக்காந்து வர்றேன்.

வணக்கம்.